டெல்லிக் கொட்டைச் சாறு

கையிலிருந்த டிபன் பாக்ஸின் மூடி நடக்க நடக்க ‘டக் டக்’கென்று அடித்துக்கொண்டே வந்தது; அந்தச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை. மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து மந்தைவெளியை நோக்கி மழைச் சகதியில் நடந்துகொண்டிருந்தேன். டிபன் பாக்ஸ் அம்மாவுடையது. கக்கத்தில் இடுக்கியிருந்த நூல் புடவையும் அவளுடையதுதான். நனைந்து போகும் நாட்களில் மாற்றிக்கொள்வதற்காக அவள் சமையல் வேலை செய்த டீச்சரம்மா வீட்டிலேயே வைத்திருந்தது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தவை இந்த இரண்டும்தான். இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு டீச்சரம்மா கதவைச் சாத்தியிருந்தார்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்பா லாரியோடு போனவர், திரும்பவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அம்மா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டில் மொச்சைச் சாறுதான்: இரவே ஊறப்போட்ட மொச்சையை வேகவைத்து மசித்து, பூண்டும் மிளகும் சீரகமும் நுணுக்கிப் போட்டு, டம்ளரில் ஊற்றிச் சூடாகக் குடிப்பது. அன்று மொச்சை இல்லை. டீச்சரம்மாவின் மகன் டெல்லியிலிருந்து கொண்டுவந்து, டீச்சரம்மா எங்கள் அம்மாவுக்கும் கொஞ்சம் கொடுத்திருந்த ராஜ்மா மட்டும் டப்பாவில் இருந்தது. பேர் வாயில் நுழையாமல் அம்மா அதை ‘டெல்லிக் கொட்டை’ என்பாள். அதுவரை சமைத்துப் பார்த்ததில்லை.

வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அடுப்பில் ஏற்றினேன். பாதி வேகும்போதே ஸ்டவ்வில் ‘கிருஷ்ணாயில்’ தீர்ந்துவிட்டது. அதற்கும் அம்மாவிடம் வழி உண்டு. சூட்டோடு பானையைச் சாக்கிலும் பழைய துணியிலும் சுற்றி மூலையில் வைத்துவிட்டால் மொச்சை தன் சூட்டிலேயே வெந்துவிடும். ‘பொத்தி வைக்கிறது’ என்பாள். நானும் பொத்தி வைத்தேன். திறந்தபோது தோல் வெடித்திருந்தது, உள்ளே லேசாகக் கடுக்கென்றது. மத்தால் மசித்தேன். மிளகு வாசனைக்கு அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடா இது, எனக்குப் பொறந்தியா, ஓட்டல்ல பொறந்தியா?” என்று சிரித்தபடி இரண்டு டம்ளர் குடித்தாள். தங்கை செல்வி ஒரு டம்ளர். எனக்கு மிஞ்சவில்லை, மிஞ்சாததே எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் செல்வி வாந்தி எடுத்தாள். பிறகு அம்மா. பிறகு இருவரும் மாறி மாறி, வெறும் தண்ணீராக, நிற்காமல். ஆறு வயதுக் குழந்தையின் கண் சொருகியதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா ஓடிவந்து, “இன்னா நைனா குட்த்த இதுங்களுக்கு?” என்று கேட்டது நினைவிருக்கிறது. கேட்டபடியே செல்வியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, “சாப்பாட்டுல விஷம்னா எழுதிக்கணும். சமைச்சது யாரு?” என்றார். நான் வாயைத் திறந்தேன். தலையைத் தூக்கவும் முடியாமல் கிடந்த அம்மா, “நான்தாம்மா. பையன் வூட்லயே இல்ல” என்றாள். அவள் பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதேயில்லை. நர்ஸம்மா நகர்ந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, “உப்பு கம்மி” என்றாள்.

காலையில் இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். உயிர் போகாது என்று தெரிந்ததும், அம்மா இரண்டு நாள் வரமாட்டாள் என்று சொல்ல டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். அதே தெருவில் பாத்திரம் தேய்க்கும் கஸ்தூரி அக்கா எனக்கு முன்பே சொல்லியிருந்தது. டிபன் பாக்ஸும் புடவையும் வாசலில் தயாராக இருந்தன.

“எங்க வீட்டு அய்யா இருதய நோயாளிப்பா. பெத்த பிள்ளைக்கே இப்படிச் சமைச்சா, நான் எப்படி நம்பி அடுப்பைக் குடுக்கிறது?”

“அம்மா சமைக்கல டீச்சர். நான்தான் சமைச்சேன்.”

கோபப்படுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பரிதாபமாகத்தான் பார்த்தார். “முப்பது வருஷம் உன்னை மாதிரிப் பசங்களைப் பாத்திருக்கேன். அம்மாவைக் காப்பாத்தப் பொய் சொல்ற. நல்ல பிள்ளைதான். ஆனா இது பொய்.”

அங்கிருந்துதான் நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் தெரு தெரியாமல் இரண்டு முறை கோயில் குளத்தைச் சுற்றினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா டிபன் பாக்ஸைப் பார்த்தாள், எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பல வருடம் கழித்து, நாக்பூருக்கு வெளியே லாரிகள் நிற்கும் ஓட்டலில் வேலை செய்தபோது அங்கிருந்த சமையல்காரர் சொன்னார்: ராஜ்மா தளதளவென்று கொதித்தாக வேண்டும், அரைச்சூட்டில் வைத்தால் அதிலுள்ள விஷம் கூடும், பச்சையாகத் தின்பதைவிட மோசம். நான் பாசத்தோடு பொத்தி வைத்தது அதைத்தான். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அதைச் சொல்ல அப்போது அம்மாவும் இல்லை.

இன்று எங்கள் வீடு இருந்த வரிசையே இல்லை, மேலே பறக்கும் ரயில் போகிறது. டீச்சரம்மா வீடு நாலு மாடி. ராஜ்மா எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, எப்படி வேகவைப்பது என்று பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருக்கிறார்கள். நின்று படிக்காமல் அதைக் கடந்துபோக இன்னும் முடியவில்லை.

டீச்சரம்மா கதவைச் சாத்திய மறுநாள், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடப் பையை எடுக்காமல் தி. நகருக்கு நடந்தேன். ஒரு மெஸ்ஸில் ஆள் வேண்டும் என்றார்கள். கல்லாவிலிருந்த அண்ணாச்சி, “ஏலே, சமைக்கத் தெரியுமா?” என்றார்.

“தெரியாது அண்ணாச்சி.”

அவர் உடனே நம்பினார். பின்கட்டைக் காட்டினார். அங்கே கழுவ வேண்டிய அண்டாக்கள் கிடந்தன. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.