மேசை மணியும் தாடிக்காரனும்

போன வாரம் அல் கூஸில் காரை சர்வீஸுக்கு விடப் போனேன். கவுண்டரில் ஆளில்லை, ஒரு மேசை மணிதான் இருந்தது. தட்டினேன். 'டிங்' என்றதும், சொன்னால் சிரிப்பீர்கள், கை தானாகப் பின்னுக்கு வந்துவிட்டது. யாராவது எழுந்து புகார் சொல்வார்களோ என்ற பழைய பயம்.

அந்தத் தெருக்கோடியில்தான் எங்கள் கல்லூரி இருந்தது. அங்கே ஒருமுறை பல கல்லூரிகளைக் கூப்பிட்டு வினாடி வினா வைத்தார்கள். புதுமுகங்களுக்கு மட்டும், முன்பு எங்காவது ஆடியவர்கள் சேரக் கூடாது. அணிக்கு இருவர். என் ஜோடி ஜெனிஃபர், குளச்சல்காரி, அல் ஐனில் பள்ளிக்கூடம் முடித்தவள்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. வாப்பாவுக்கு டெய்ராவில் அத்தர் கடை. எந்தக் குப்பியைத் திறந்தாலும் முகர்ந்துவிட்டு, "இதுல என்னமோ கலந்திருக்கான்" என்பார். அந்த மூக்கு எனக்கும் வாய்த்திருந்தது. இறுதிச் சுற்றில் எதிரணியில் ஒரு தாடிக்காரன். மற்றவர்களெல்லாம் பதறி மணியைத் தட்டி உளறிக்கொண்டிருக்க, அவன் மட்டும் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகத் தட்டினான்.

"இவனா புதுசு? பழம் தின்னு கொட்டை போட்டவன்" என்றேன்.

"சும்மா இரி. கேள்விய கேளு" என்றாள் ஜெனிஃபர்.

அடுத்த கேள்வி பாதியில் இருக்கும்போதே அவள் தட்டினாள். சரியான பதில். அதற்கடுத்ததும் அப்படியே. தாடிக்காரனின் ஜோடி துள்ளி எழுந்தான். "சார், இந்தப் பொண்ணு ஏற்கெனவே ஆடினவ!"

எனக்கு வந்ததே கோபம்! ஆனாலும் மூக்கு மெல்ல அவள் பக்கமும் திரும்பியது.

போட்டியை நடத்திய மதுரைக்கார ஆசிரியர் கேட்டார். "ஏம்மா, இதுக்கு முன்னால மேடை ஏறியிருக்கியா?"

"ஏறியிருக்கேன் சார்."

அரங்கம் கசமுசவென்றது. முன்வரிசையில் அவள் அம்மா. நர்ஸ். மகள் ஆடுவதை ஒருதரமாவது பார்க்க வேண்டுமென்று டூட்டியை மாற்றிக்கொண்டு அல் ஐனிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

"ஆனா ஆடல சார். ஸ்கூல்ல என்ன டீம்ல சேக்கவே மாட்டாங்க. கையெழுத்து நல்லாருக்குன்னு வருஷா வருஷம் போர்டுல பாயிண்ட் எழுத விடுவாங்க."

"அதுக்கு யாரு சாட்சி?"

தாடிக்காரன் தண்ணீர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு எழுந்தான். "நான் சார். போட்டிக்கு அவங்க ஸ்கூலுக்குப் போயிருக்கேன். நான் ஆடினப்ப இவங்கதான் போர்டுல எழுதுனாங்க."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீ ஏற்கெனவே ஆடினவனா?"

"ஆமா சார். கலாஸ், முடிஞ்சுபோச்சு."

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போயே போய்விட்டான்.

கோப்பை எங்களுக்கு வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் அவள் அம்மா பஸ்ஸில் அல் ஐன் திரும்பினார். எனக்கோ மனசு ஆறவில்லை. சும்மாவா ஒருத்தன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வான்? ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே கலந்திருக்கவில்லை. பிறகொரு நாள் அவன் ஜோடியைப் பார்த்தபோது, "அவங்கப்பாவுக்கு விசா முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க" என்றான். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கல்லூரி இருந்த இடத்தில் இப்போது டயர் குடோன். அதன் வாசலில் நின்று ஜெனிஃபருக்குப் போன் போட்டேன்.

"அந்தத் தாடிக்காரன் பேரு என்ன?"

"எனக்கும் தெரியாதே. ஸ்கூல்ல அவன் ஆடினப்பவும் நான் போர்டுல 'பி டீம்'னுதான் எழுதுனேன்."