கோட்டைக்கு அந்தப் பக்கத்துத் துப்பாக்கி

எங்கள் சித்தப்பாவிடம் துப்பாக்கி கிடையாது. ஆனால் அது எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டை என்ன மரம், தோளில் பதிகிற இடம் எவ்வளவு அகலம், வார் எந்தப் பக்கம் தொங்கும், குழல் வெயிலில் மினுக்காமல் இருக்க எந்த நிறம் அடிக்க வேண்டும், எல்லாம் பேசி முடிவாகியிருந்தது. இல்லாத ஒரு பொருளுக்கு இத்தனை பேர் உட்கார்ந்து யோசனை சொன்னதை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.

நான் அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா என் நைனாவின் கடைசித் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில்தான். எங்கள் ஊர் செஞ்சிக் கோட்டைக்கு மேற்கே, திருவண்ணாமலை ரோட்டை ஒட்டியது. அங்கே நிலத்துக்காரர் ஒருவருடைய மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலை நிலத்துக்கு, சித்தப்பா காவல். மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி வரும். கூட்டமாக இறங்கினால் விடிவதற்குள் செடியையெல்லாம் வேரோடு கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். பகலில் மயிலும் குரங்கும். இத்தனைக்கும் எதிராகச் சித்தப்பாவிடம் இருந்தது ஒரு பழைய எண்ணெய் டின்னும் அதைத் தட்ட ஒரு குச்சியும்தான். முதலில் அந்தச் சத்தத்துக்குப் பன்றி ஓடியதாம். பழகிய பிறகு நின்று கேட்டுவிட்டுப் போயிற்றாம். அந்தத் தாளத்துக்கு அதுகள் ஆடாமல் போவதே பெரிய மரியாதை என்று அம்மா சொல்வாள்.

நிலத்துக்காரரிடம் உண்மையான துப்பாக்கி இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய லைசென்ஸ். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார். அதன் கட்டையைக் கரையான் தின்று, கம்பி சுற்றி வைத்திருந்தார். சித்தப்பா அந்தத் துப்பாக்கியின் உறையைத்தான் தொட்டிருக்கிறார். உள்ளே இருப்பதைத் தொட்டதில்லை. தொடவும் கூடாது, லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் தொட வேண்டும்.

ஆசை வந்தது போனில்தான். புதிதாக வாங்கிய டச் போனில், எந்த நாட்டுக்காரனோ ஒரு வெள்ளைத் தாடிக்காரன், ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் துப்பாக்கிக்குக் கட்டை செய்து கொடுக்கிற வீடியோ ஒன்று சித்தப்பாவுக்கு ஆப்பிட்டுவிட்டது. சார்ஜ் தீரும்வரை அதையே பார்ப்பார். அவன் பேசுவது உனக்குப் புரிகிறதா என்று நைனா கேட்டார்.

"வாய் பேசறது புரியலண்ணா. கை பேசறது புரியுதே" என்றார் சித்தப்பா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் வந்து அளவெடுக்கச் சொல்லி நின்றார். அம்மா ஜாக்கெட் தைப்பவள். தீபாவளிக்குச் சட்டை தைக்க அளவு கேட்டால் தெருக்கோடிக்கு ஓடுகிறவன், இன்றைக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறானே என்று சிரித்தாள். வெள்ளைத் தாடிக்காரன் காட்டிய மாதிரியே முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து விரல் வரை டேப்பை வைத்தாள். சித்தப்பாவுக்குக் கை நீளம். எந்த ரெடிமேட் சட்டையும் அவருக்கு மணிக்கட்டு வரை வந்ததில்லை. "தம்பி, உன் கைக்கு ஏத்த துப்பாக்கின்னா, அதத் தூக்கறதுக்கு இன்னொரு ஆள் வேணும்" என்று சொல்லிக்கொண்டே அளவைச் சாக்பீஸால் சுவரில் எழுதினாள். எங்கள் வீட்டுச் சுவரில் ஊரிலுள்ள பாதிப் பேருடைய மார்பளவும் இடுப்பளவும் இருந்தன. அதற்கு நடுவில் ஒரு துப்பாக்கியும் இடம் பிடித்தது.

இது நடக்கிற காரியமா என்ற வழக்கு அன்றைக்கு ஆரம்பித்தது. டீக்கடையில் பால்காரரிலிருந்து பேருந்துக்கு நிற்கிறவர்கள் வரை ஆளுக்கொரு தீர்ப்பு. கருவேல மரத்தில் செய்தால் கனம் தோளைக் கழற்றிவிடும் என்றார் ஒருவர். கனம் இருந்தால்தான் உதைக்காது என்றார் அடுத்தவர். இவர்கள் யாரும் துப்பாக்கியைக் கையில் பிடித்ததில்லை. அதனால் பேச்சுக்கு ஒரு தடையும் இல்லை. நைனா மட்டும் பேப்பர் படிக்கிறவர். நாமாகத் துப்பாக்கி செய்தால் ஜெயில், அதை மறந்துவிடு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சித்தப்பா அதை ஒத்துக்கொண்டார். இரும்பைக் கம்பெனிக்காரன் செய்யட்டும், கடையில் பில் போட்டு வாங்கலாம், கட்டை மட்டும் என்னுடையது என்றார். அப்படியானாலும் துப்பாக்கியே கைக்கு வராதபோது கட்டைக்கு எதற்கு மரம் தேடுகிறாய் என்று நைனா மடக்கினார்.

"மரம் காய வேணாமாண்ணா? இப்ப அறுத்து வெச்சாத்தான் அப்ப ஆவும்."

அந்த 'அப்ப' எப்போது என்று கேட்க நைனாவுக்குத் தோன்றவில்லை.

ஊர் ஆசாரி ஒரு பழைய வாசக்காலை அறுத்து, அளவு பார்க்க ஒரு மரத்துப்பாக்கி செய்து கொடுத்தார். விளையாட்டுச் சாமான் மாதிரி இல்லை, கட்டை மட்டும் நிஜக் கட்டை. கன்னம் படுகிற இடத்தை இன்னும் கொஞ்சம் இழைக்கச் சொல்லி சித்தப்பா தினமும் போய் நின்றார். சுடாத துப்பாக்கிக்கு இவ்வளவு நெளிவு சுளிவு கேட்ட ஆளைத் தான் பார்த்ததில்லை என்று ஆசாரி அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே இழைத்தார்.

எனக்குத்தான் ஒரு சந்தேகம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கொல்லைக்குச் சோறு கொண்டுபோவது நான். வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சித்தப்பா எனக்கு அந்தத் துப்பாக்கியை விளக்குவார். குழல் அதிகம் நீளம் வேண்டாம், கிணத்து மேட்டில் நின்றால் புளியமரத்து வரப்பு கிட்டத்தில்தான். வார் கட்டாயம் வேண்டும், கிணத்துப் படியில் இறங்கித் தண்ணீர் குடிக்கும்போது ரெண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். குழலுக்கு மங்கல் கறுப்புதான், சாயங்காலம் கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது எதிர் வெளிச்சம் அடிக்கும்.

கேட்கக் கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த கொல்லையில் கிணறே இல்லை. மோட்டார் போட்ட போர்வெல்தான். புளியமரமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் ஊரில் சூரியன் கோட்டைக்குப் பின்னாலிருந்து ஏறும், கோட்டைக்குப் பின்னால் இறங்காது. டீச்சரிடம்கூடக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு சித்தப்பாவிடமே கேட்டேன், நம்ம கொல்லையில் கிணறு இல்லையே என்று.

"இது இந்தக் கொல்லைக்கு இல்ல பாப்பா" என்றார்.

அப்போ எந்தக் கொல்லைக்கு என்றேன். மல்லாட்டையை உரித்து என் வாயில் போட்டார். பேசாதே என்பதற்கு அவரிடம் இருந்த வழி அது.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் நிலத்துக்காரர் பைக்கில் வந்தார். மரத்துப்பாக்கி வரப்பில் சாய்ந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. எடுத்துத் தோளில் வைத்தார், கன்னத்தை வைத்துப் பார்த்தார், கட்டையைத் தடவினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கடையில் பிடித்த துணியைப் பார்த்த பெண்கள் முகம் அப்படித்தான் மாறும்.

"இந்தக் கட்டைய எனக்குக் குடுத்துடுப்பா. நம்ம துப்பாக்கிக்குப் போட்டுக்கலாம், முறையா கடையில குடுத்து" என்றார். "எனக்குக் கொஞ்சம் நீளம். அறுத்துட்டா சரியாயிடும்."

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் அந்த மனிதரிடம் எதற்கும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"அது வேற கொல்லைக்குன்னு செஞ்சதுங்க ஐயா."

"உனக்கு ஏதுடா கொல்லை?"

அவர் கேவலமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அவரே விளக்கவும் செய்தார். நிலம் பேரில் இருந்தால் லைசென்ஸ், லைசென்ஸ் இருந்தால் துப்பாக்கி, துப்பாக்கி இருந்தால் கட்டை. நீ கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய் என்று சொல்லி, யோசித்து வை, அடுத்த பட்டம் விதைக்கும்போதும் காவலுக்கு ஆள் வேண்டும் இல்லையா என்று பைக்கை உதைத்தார்.

வீட்டில் நைனா வாங்கு வாங்கு என்று வாங்கினார். ஒரு கட்டைக்காகக் காவல் வேலையை விடுவாயா, அதைக் கொடுத்துத் தொலை என்றார். கொடுக்க மாட்டேன் என்றார் சித்தப்பா. சாப்பிட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் அவர் போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு விஷயம் எளிதாகப் புரிந்துவிட்டது. சித்தப்பாவுக்கு ஒரு கொல்லை தேவை. அதில் கிணறும் புளியமரமும் இருக்க வேண்டும். அது இந்த ஊரில் இல்லை. கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் கோட்டைக்கு அந்தப் பக்கம், கிழக்கே போக வேண்டும். அதைக் கண்டுபிடித்து நிலத்துக்காரரிடம் காட்டிவிட்டால், இதோ இந்தக் கொல்லைதான் என்று சித்தப்பா சொல்லிவிடலாம். பெரியவர்கள் இத்தனை நாள் பேசியும் இவ்வளவு சுலபமான வழி ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரமே கோட்டைக்குக் கிழக்கே, திண்டிவனம் ரோட்டில் ஒரு கல்யாணத்துக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். செஞ்சியைத் தாண்டியதிலிருந்து நான் பேருந்து ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. போகும்போது அகப்படவில்லை. சாயங்காலம் திரும்பும்போது அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கோட்டை மலையான ராஜகிரிக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் வெளிச்சத்தில் கண் கூசியது. அப்போது பார்த்தேன், கிணத்து மேடு, கிட்டத்திலேயே புளியமரம், மரத்தடியில் வரப்பு. டிரைவர் யாரையோ இறக்கிவிட அங்கேயே நிறுத்தினார். நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சோற்றுத் தூக்கோடு ஓடினேன். தூரத்திலிருந்தே, "சித்தப்பா, ஒன் துப்பாக்கிக் கொல்லைய பாத்துட்டேன்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். கிணறு இருக்குதா என்றார். இருக்குது, ஆனால் கல்லும் மண்ணும் கொட்டி மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். புளியமரம் என்றார். இருக்குது, அதில் பெரிய போர்டு அடித்திருக்கிறார்கள், பிளாட் விற்பனைக்கு என்று. அதைப் படித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொல்லை முழுக்க மஞ்சள் அடித்த கல் நட்டு, ஒவ்வொரு கல்லிலும் கலர் கொடி கட்டியிருப்பதையும், ரோட்டோரம் கோயில் மாதிரி ஒரு ஆர்ச் வைத்திருப்பதையும் சொன்னேன். திருவிழா மாதிரி இருக்குது சித்தப்பா என்றேன்.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். தூக்கைத் திறக்கவில்லை.

"விக்கறதா இருந்தா உனக்குத்தான்டான்னு அந்தக் கொல்லக்காரரு சொன்னாரு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "அங்க காவலுக்கு இருந்தப்ப அந்தக் கெணத்துல தூர் வாரினது நானு."

அந்தக் கொல்லைக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் வாடியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கிணற்றை மூடினால் தண்ணீர் குடிக்க முடியாதே என்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன். சமாதானம் சொல்ல வேண்டியது என் பொறுப்பாயிற்று. யோசித்ததில் நல்லதாக ஒன்று கிடைத்தது.

"அங்க செடியே இல்ல சித்தப்பா. பன்னியே வராது. துப்பாக்கியே தேவப்படாது."

சித்தப்பா என் தலையில் கையை வைத்தார். ஆமாம் பாப்பா, வராது என்றார்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் என்னை அழைத்துக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனார். மரத்துப்பாக்கியிலிருந்து கட்டையைத் தனியாகக் கழற்றி, நிலத்துக்காரருக்கு ஏற்ற மாதிரி குறைக்கச் சொன்னார். நிலத்துக்காரரின் கை எவ்வளவு நீளம் என்று ஆசாரி கேட்டபோது, யாரையும் அளக்காமலே தன் முழங்கையில் விரலை வைத்து ஓர் இடத்தைக் காட்டினார். இத்தனை வருஷம் அந்தக் கையிலிருந்து கூலி வாங்கியவருக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. ஆசாரி பென்சிலால் கோடு போட்டார். ஒரு தடவை சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். தானே அறுப்பதாகச் சொல்லி ரம்பத்தைச் சித்தப்பா வாங்கிக்கொண்டார். கட்டை ஆடாமல் இருக்க மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். நேராக, அவசரமில்லாமல் அறுத்தார். துண்டு கீழே விழுந்தது, அதை யாரும் எடுக்கவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். வாசக்காலாக இருந்த மரம் இனிமேல் நிஜத் துப்பாக்கியில் இருக்கப்போகிறது. நடக்கிற காரியமா, நடக்கிற காரியமா என்று எல்லாரும் சித்தப்பாவை எத்தனை கேலி செய்திருப்பார்கள். சித்தப்பா ரம்பத்தைக் கீழே வைப்பதற்குள் நான் தெருவுக்கு ஓடிவிட்டேன். டீக்கடையில், பால்காரரிடம், பேருந்துக்கு நின்றவர்களிடம், எதிரில் வந்த எல்லாரிடமும் மூச்சு வாங்கச் சொன்னேன், எங்கள் சித்தப்பாவின் துப்பாக்கி முடிந்துவிட்டது என்று.