சம்மந்தி வீட்டு ஓலப்பெட்டி

போன மாசம் வரைக்கும் எங்க வீட்டு ஃபிரிட்ஜுல, கீழ்த்தட்டுல, ஒரு பனையோலப் பெட்டி இருந்துச்சு. ஒரு படி அரிசி கொள்ளும், அவ்வளவுதான். ஓரமெல்லாம் கறுத்து, மூடி ஒரு பக்கம் பிஞ்சு, நைலான் நூலு போட்டுத் தச்சிருக்கும். அதுக்குள்ள ரெண்டு பிடி நெத்திலிக் கருவாடு. தஞ்சாவூர்ல வேலை பாக்கற எம்பேத்தி லீவுக்கு வந்தா ஃபிரிட்ஜத் தொறந்ததும் மூக்கப் பொத்திக்குவா. "அப்பாயி, எஞ் சாக்லேட்டெல்லாம் கருவாட்டு வாசன அடிக்குது"ம்பா. "ஒஞ் சாக்லேட்டுப் பக்கத்துல இருந்து எங் கருவாடுந்தான் இனிச்சுப்போவுது, நான் ஏதாவது கேட்டனா?"ம்பேன். ஆக்கவும் மாட்டேங்கற, தூக்கிப் போடவும் மாட்டேங்கற, எதுக்கு இதுன்னு கேப்பா. அதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இருக்காது. எனக்கே பதில் இல்லாத கேள்வின்னா பாத்துக்கங்க. நான் மூணாங் கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவ, வாய் மட்டும் நிக்காம மேல படிச்சுக்கிட்டே போயிருச்சு.

அந்தப் பெட்டி எங்க சம்மந்தியோடது. சம்மந்தின்னா பொண்ணு குடுத்து எடுத்த சம்மந்தி இல்ல. நாகப்பட்டினத்துலேருந்து பஸ்ஸேறி வந்து, நன்னிலம் பக்கத்துல எங்க ஊர்லயும் சுத்துப்பட்டு ஊர்லயும் கருவாடு வித்த அம்மா. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. மொத மொத அவ எங்க தெருவுக்கு வந்தது ஒரு ஐப்பசி மாசம். அடமழை. வயல்ல தண்ணி நிக்குது, வேலையுங் கெடயாது, சந்தையில காயுங் கெடயாது. அவகிட்ட ரெண்டு கை நெத்திலி வாங்குனேன். அந்த நேரம் பாத்து மழை வலுத்து, அவளால பஸ்ஸுக்குப் போவ முடியல. வாசல்ல கூடையத் தலையில கவுத்துக்கிட்டு நின்னா. உள்ள வாங்கன்னு கூப்புட்டு, அவகிட்ட வாங்குன நெத்திலியையே எம் மாங்கா வத்தலோட சேத்துக் குழம்பு வச்சு அவளுக்கே போட்டேன்.

எம் மாங்கா வத்தலப் பத்திக் கொஞ்சம் பெரும அடிச்சுக்கறேன், பொறுத்துக்கங்க. அப்பல்லாம் எங்களுக்கு ஒரு மாமரம் கெடயாது. மிராசுதார் தோப்புல சித்திரக் காத்துல விழறத விடியறதுக்குள்ள பொறுக்கிட்டு வருவேன். காத்து வீசாத நாள்ல மரத்துக்கு எம்மேல கொஞ்சம் எரக்கம் வந்து, கெள தானா ஆடுறதும் உண்டு. அதெல்லாம் இப்பக் கேக்கக்கூடாது. கொண்டாந்து கீத்துக் கீத்தா அரிஞ்சு, உப்பும் மஞ்சளும் போட்டுப் பானையில ஒரு ராத்திரி ஊற வைக்கணும். பகல்ல வெயில்ல காய வச்சு, பொழுது சாஞ்சதும் திரும்பவும் அந்த உப்புத்தண்ணியிலயே போடணும். நாலு வெயிலு இப்படிக் காட்டுனா தண்ணி பூரா வத்தலுக்குள்ள ஏறிடும். அவசரப்பட்டு ரெண்டு வெயில்ல முடிச்சவ வத்தலெல்லாம் ஆடியிலயே பூஞ்சக்காளான் புடிக்கும். என்னது அடுத்த சித்திர வரைக்கும் கல்லு மாதிரி கெடக்கும்.

அன்னிக்கி அவ ஒரு வாய் தின்னுட்டு என்னை நிமிந்து பாத்தா. "எங்க வீட்டுப் பொண்ண ஒங்க வீட்டு மாப்ளைக்குக் கட்டி வச்சிட்டீங்க போல. மாப்ள கொஞ்சம் புளிப்பா இருக்காரே"ன்னா. எனக்கா வாயி சும்மா இருக்கும்? "ஒங்க பொண்ணு மட்டும் என்னவாம், ஒரே உப்பு. எங்க மாப்ள ஆனதுனால அடக்கி வச்சிருக்காரு"ன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல சோறு பொரயேறிருச்சு. அன்னையிலேருந்து அவ எனக்கு சம்மந்தி, நான் அவளுக்கு சம்மந்தி. தெருமுனையில நின்னு "சம்மந்தியம்மா சௌக்கியமா?"ன்னு மரியாதையா கேப்பா. ஊர்ல பாதிப் பேரு நெசமாவே ஏதோ சம்மந்தம் பேசறோம்னு நெனச்சுக்கிட்டாங்க.

அடுத்த தடவ வந்தப்ப எனக்குன்னு தனியா இந்த ஓலப்பெட்டியில கருவாடு கொண்டாந்தா. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தவங்க வீட்டுலேருந்து பாத்திரம் பண்டத்தோட வந்தா அத வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது. ஒண்ணுமில்லன்னா ஒரு பிடி உப்பாச்சும் போட்டு அனுப்பணும். அதனால பெட்டி வத்தலோட போச்சு. திரும்பக் கருவாடோட வந்துச்சு. கடல்ல தொழில் இல்லாத மாசத்துல எம் மாங்கா அவ வீட்ல கொதிக்கும். வயல்ல வேல இல்லாத மாசத்துல அவ கருவாடு எங்க வீட்ல கொதிக்கும். வருஷக்கணக்கா அந்தப் பெட்டி ரெண்டு வீட்டுக்கும் நடுவுல போக்குவரத்தா இருந்துச்சு. டிக்கெட்டு எடுக்காத ஒரே பயணி அதுதான்.

சுனாமி வந்த அன்னிக்கி பெட்டி எங்க வீட்ல இருந்துச்சு. நாலாம் நாளு அதுல வத்தலப் போட்டுக்கிட்டு, கொஞ்சம் அரிசியும் பழம்பொடவையும் எடுத்துக்கிட்டு நாகப்பட்டினம் போனேன். ஒரு கல்யாண மண்டபத்துல எல்லாரையும் தங்க வச்சிருந்தாங்க. அவளும் புருஷனும் புள்ளைங்களும் இருந்தாங்க, கொழுந்தன் போயிட்டாரு. வீடு கெடயாது, படகு கெடயாது, ஒரு கரண்டி கெடயாது. என்னப் பாத்ததும் அவ அழுவல. பெட்டிய வாங்கி மடியில வச்சுத் தடவிப் பாத்தா. "எங்க வீட்ல மிஞ்சுனது இது ஒண்ணுதான் சம்மந்தி. அதுவும் ஒங்க வீட்ல இருந்ததால"ன்னா. நான் அரிசியையும் பொடவையையும் அவ பக்கத்துல எறக்கி வச்சேன்.

அதுக்கப்பறம் எங்க பக்கம் மீனத் தொடறவங்களே இல்லாமப் போச்சு. கடல் அத்தன பேர எடுத்துக்கிச்சு, அந்த மீன எப்படித் திங்கறதுன்னு ஊர் பூராப் பேச்சு. எம் மாமியா அதுக்கு மேல. "வருஷம் திரும்பற வரைக்கும் இந்த வீட்டு அடுப்புல கடல் சாமான் ஏறக்கூடாது"ன்னுட்டாங்க. அவங்க ஒண்ணு சொன்னா தெரு பூரா அதுதான் பேச்சு. நடவுக்கும் அறுப்புக்கும் பொம்பளைங்களக் கூட்டிட்டுப் போறது அவங்கதான். அவங்க தும்முனா பத்துப் பேரு மூக்கச் சிந்துவாங்க.

பங்குனி மாசம், நல்ல வெயிலு, சம்மந்தி வந்தா. தலையில கூடை, இடுப்புல ஓலப்பெட்டி. மொகம் காஞ்சு கெடக்கு. வாசப்படியில ஒக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சா. "மூணு ஊரு நடந்துட்டேன். கூடைய எறக்குன்னு ஒரு வீட்லயும் சொல்லல. ஒரு அம்மா என்னக் கண்டதும் கதவச் சாத்துது. நான் என்ன பேயா?"ன்னா. பெட்டிய எங்கிட்ட நீட்டுனா. "இத நீங்களே வச்சுக்கங்க. இனிமே நான் இந்தப் பக்கம் வரல சம்மந்தி. புள்ளைங்களுக்கு வேற ஏதாச்சும் வழி பாக்கறேன்"னா.

வேற என்ன வழி? அவளுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு தொழிலுதான். எங்க தெருவுல அன்னிக்கி கூடை எறங்கலன்னா அவ எந்தத் தெருவுலயும் எறக்க மாட்டான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. பெட்டிய வாங்கித் தொறந்தேன். நெத்திலி, அப்பத்தான் காஞ்சது, வெள்ளியா மின்னுது. "ஒரு மணி நேரம் இருங்க, என்னோட வயலுக்கு வாங்க"ன்னேன். அன்னிக்கி எங்க குத்தகை நெலத்துல உளுந்து புடுங்கறாங்க. மாமியாளும் பத்துப் பொம்பளைங்களும் வெடிகாலமே போயிட்டாங்க. மத்தியானச் சோறு நாந்தான் கொண்டு போவணும். அடுப்புல கருவாடு ஏறக்கூடாதுன்னுதான மாமியா சொன்னாங்க? நான் கொல்லையில மூணு கல்ல வச்சு ஏத்துனேன்.

புங்கமரத்தடியில அன்னக்கூடைய எறக்கித் தூக்குவாளியத் தொறந்ததும் வாசன கெளம்பிருச்சு. பொம்பளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "ஏண்டி, கருவாடா?"ன்னு மாமியா கேட்டாங்க. "பயப்படாதீங்கத்தை. போன வருஷத்தது. அடுக்குப்பானையில கெடந்துச்சு. கடல் பொங்கறதுக்கு முன்னாடி புடிச்சது"ன்னு கண்ண மூடிக்கிட்டு ஒரு புளுகு விட்டேன். எல்லாருக்கும் உசுரு வந்துருச்சு. மூணு மாசமா நாக்கு செத்துக் கெடந்தவளுங்க, தட்ட நீட்டுறாளுங்க. தின்னு முடிக்கட்டும், விரல நக்கட்டும், அப்பறமா உண்மையச் சொல்லி ஒரு சிரிப்பு சிரிக்கலாம்னு நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டு வச்சிருந்தேன்.

மாமியா சோத்தப் பெசையப் போனாங்க. வரப்புல தள்ளி ஒக்காந்திருந்த சம்மந்தி எந்திரிச்சா.

"அம்மா, நிறுத்துங்க. ஒங்க மருமக எம்மேல உள்ள பாசத்துல பொய் சொல்லுது. இது பத்து நாளைக்கி முன்ன எம் புருஷன் எரவல் கட்டுமரத்துல போயிப் புடிச்சாந்தது. நாந்தான் காய வச்சேன். எம் புள்ளைங்களுக்கும் இதத்தான் போட்டேன். தின்னா தெரிஞ்சே தின்னுங்க. வேணான்னா வேணாம். எஞ் சரக்கு திருட்டுத்தனமா யாரு வாயிலயும் போவ வேணாம்."

ஒரு பொண்ணு தட்டக் கீழ வச்சிருச்சு. எனக்கு பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. நான் அவளக் காப்பாத்தறேன்னு நெனச்சு, அவ மீன ஒளிச்சு வச்சுத் திங்கற சாமானா ஆக்கிப்புட்டேன். எம் மாமியா ஒரு நிமிஷம் அவ மூஞ்சியவே பாத்தாங்க. அப்பறம் தட்டப் பாத்தாங்க. ஒரு கவளம் உருட்டி வாயில போட்டு மெதுவா மென்னாங்க.

"புளி கொஞ்சம் தூக்கலு"ன்னாங்க. அடுத்த கவளம் போச்சு. "நீ ஏம்மா நிக்கற? ஒன் மீன நாங்க திங்க, நீ வேடிக்க பாப்பியா? ஒக்காந்து சாப்புடு"ன்னாங்க. அப்பறம் மத்தவங்க பக்கம் திரும்பி, "என்னங்கடி பாக்கறீங்க, கொழம்பு ஆறுது!"

அவ்வளவுதான். கீழ வச்ச தட்டு மேல வந்துருச்சு. எல்லாருக்கும் ஊத்தி ஊத்தி, எனக்குன்னு பாக்கயில தூக்குவாளி காலி. "பொய் சொன்ன வாயிக்கு இன்னிக்கிக் கொழம்பு கெடயாது"ன்னு மாமியா சொல்ல, எல்லாரும் சிரிக்கறாளுங்க, சம்மந்திதான் எல்லாரையும் விட சத்தமா. நான் தூக்குவாளியில சோத்தப் போட்டுத் தொடச்சுத் தின்னேன். இன்னிக்கி வரைக்கும் அந்தத் தொடச்ச சோத்துக்கு ஈடா நான் ஒரு விருந்து தின்னதில்ல.

அவ கெளம்பயில வெறும்பெட்டி கெடந்துச்சு. மாமியாதான் எடுத்தாங்க. அவங்க பங்குக் கட்டுலேருந்து காஞ்ச உளுந்தங்காயா உருவி ஒரு பிடி போட்டாங்க. ஒருத்தருக்கும் சொல்லல. ஆனா பத்துப் பேரும் வரிசையா வந்து ஆளுக்கொரு பிடி போட, மூடி மூட முடியல. "அடுத்த மாசம் காரப்பொடி மீனுக் கருவாடு கொண்டா. இவகிட்ட மட்டும் குடுக்காத, தெருவுக்கே கொண்டா"ன்னாங்க மாமியா. கூடைய நாந்தான் அவ தலையில தூக்கி விட்டேன். "சம்மந்தி, ஒங்க மாமியா நாக்கு நல்ல நாக்கு. ஒங்க நாக்குதான் சரியில்ல"ன்னுட்டு நடந்தா. அதுக்கப்பறம் ஒரு மாசம் தவறாம வந்தா. அந்தக் கூடையிலதான் ரெண்டு புள்ளைங்களயும் ஆளாக்குனா. மக இன்னிக்கி நர்ஸு. நாங்களும் அந்தக் குத்தகை நெலத்த வாங்கிட்டோம், வரப்போரம் எனக்குன்னு ஒரு கிளிமூக்கு மாமரமும் நிக்குது. இப்பல்லாம் நான் எந்தக் கெளயையும் ஆட்டறதில்ல.

போன வருஷம் சம்மந்தி போயிட்டா. காரியத்துக்கு எங்க தெருவுலேருந்து ஒரு வேன் நெறயப் போனோம். கொஞ்ச நாள் கழிச்சு அவ மக பெட்டியக் கொண்டாந்து குடுத்துச்சு. கடைசியா அவ கையால காய வச்ச நெத்திலி. "அம்மா ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்துச்சு பெரியம்மா"ன்னுச்சு. அதத்தான் ஆக்கவும் மனசில்லாம, தூக்கிப் போடவும் மனசில்லாம, சாக்லேட்டுக்குப் பக்கத்துல சாமி மாதிரி வச்சிருந்தேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, சொல்லாமக் கொள்ளாம பேத்தி நாலு சிநேகிதிங்களக் கூட்டிட்டு வந்து நின்னா. "அப்பாயி, பசி"ங்கறா. வீட்ல ஒரு கத்திரிக்கா கூட இல்ல. ஃபிரிட்ஜத் தொறந்தேன், பெட்டி என்னப் பாத்துச்சு. சம்மந்தி இருந்தா என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும்: "திங்கத்தான காய வச்சேன், நீங்க கும்புடறதுக்கா?"

எடுத்துட்டேன். சுடுதண்ணியில அலசி, வத்தல ஊறப் போட்டு, சின்ன வெங்காயம் உரிச்சு, புளியப் பாதியாக் கொறச்சு வச்சேன். மாமியா சொன்னத நான் மறக்கல. எல எலயா ஊத்துனேன். அதுல ஒரு பொண்ணு, கண்ணாடி போட்ட புள்ள, சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே தயங்கித் தயங்கிக் கேக்குது: "பாட்டி, இந்தக் கருவாடு எப்ப உள்ளதுங்க?"

"போன வருஷத்தது தாயி"ன்னேன். சொல்லிட்டு என்னையறியாம வரப்புப் பக்கம் திரும்பிப் பாக்கற மாதிரி வாசப் பக்கம் பாத்தேன். எந்திரிச்சு மறுத்துப் பேச ஆளு இல்ல. இந்தத் தடவ நான் பொய்யும் சொல்லல.

அஞ்சு பேரும் வழிச்சு வழிச்சுத் தின்னாங்க. மூக்கப் பொத்துனவதான் மூணு தடவ சோறு வாங்குனா. எனக்குத் தூக்குவாளியில தொடைக்கக் கூட மிஞ்சல, அவ்வளவு திருப்தி. மறுநாளு பெட்டியத் தொடச்சு வெயில்ல வச்சு, இந்தச் சித்திரைக்கு நாலு வெயிலு காஞ்ச வத்தல மூடி முட்டப் போட்டு பேத்திகிட்ட குடுத்தேன். நாகப்பட்டினம் வரைக்கும் போவ என் முழங்காலு விடாது, அவதான் போயிட்டு வரணும். "யாரு கேட்டா அப்பாயி இத?"ன்னா. "யாரும் கேக்க மாட்டாங்க. பெட்டி வந்துச்சுல்ல, அது போவணும். சம்மந்தி மககிட்ட குடுத்துட்டு நாஞ் சொன்னேன்னு சொல்லு: மாப்ள இந்த வருஷமும் புளிப்புதான், பொண்ணு வீட்ல கொஞ்சம் அனுசரிச்சுப் போவச் சொல்லு"ன்னேன்.