தோற்காதவரா, தோற்று எழுந்தவரா

இன்றைய ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்கள் இருவரில் யார் பெரியவர்? லேக் கார்டன்ஸ் வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் பல வாரங்களாக இதுதான் சண்டை. ஒருமுறைகூடத் தோற்காதவர் என்பேன் நான். தோற்றுப் பட்டத்தை இழந்து, மறுபடி பிடித்தவர் என்பாள் அவள். அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் மனதுக்குள் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அவள் கல்லூரியில் குத்துச்சண்டை போட்டவள். ஒரு ஞாயிறு காலை பொறுமையிழந்து, "நீங்க ஒரு குத்தாவது வாங்கியிருக்கீங்களா?" என்றாள்.

பெஹாலாவில் அவள் பயிற்சி எடுக்கும் கிளப்புக்குப் போனோம். கையுறை மாட்டிக்கொண்டு எதிரே நின்றேன். அவளுடைய முதல் குத்து விலாவில் விழுந்ததும் மூச்சு அடைத்து, மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். "உட்டுன், தாதா, உட்டுன்!" என்று எழுந்திருக்கச் சொல்லி வங்காளத்தில் கத்தினார் பயிற்சியாளர். வலி குறைந்த பிறகும் எழ மனம் வரவில்லை. அதுதான் வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில், "இப்ப சொல்லுங்க" என்றாள்.

"உன் ஆளுதான் பெரியவர்."

ஒப்புக்கொண்டும் மனம் அடங்கவில்லை. வீடு வருவதற்குள் கேட்டுவிட்டேன்: "அடுத்த ஞாயிறும் போலாமா?"