ஆட்டுக்கறிக்குத் தடை போட்ட அமினோ அமிலம்

இன்று காலை மலேசியாவில் எங்கள் லுக்குட் ஊர் கிளினிக்கில் எனக்குச் சாப்பாட்டுப் பாடம் நடந்தது. இதய ரத்தக்குழாயில் அடைப்பாம்.

"பாட்டி, ஆட்டுக்கறியில இருக்குற சில அமினோ அமிலம் அதிகமாச்சுன்னா ஹார்ட்டுக்கு நல்லதில்ல. பருப்பு, கடலை சாப்பிடுங்க லா" என்றார் டாக்டரம்மா.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அமினோ அமிலம் யார் வீட்டுப் பிள்ளையோ! ஆனால் அந்தப் பத்தியத்தை ஐம்பதுகளில் மலாயாவில் இருந்த அவசரகாலத்திலேயே முடித்துவிட்டேன்.

அப்போது எங்கள் இதயத்தின் மேல் வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு அக்கறை. எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ரப்பர் மரம் சீவப் போகிறவர்களின் சோற்றைக் கேட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். அம்மா அவித்த கடலையைக் கொண்டைக்குள் முடிந்துகொண்டு போவார். பிடிபட்டால் ஜெயில். ஒருநாளும் பிடிபட்டதில்லை!

"அப்போ உங்கம்மாவுக்கு ஹார்ட் நல்லா இருந்திருக்குமே?" என்றார், இதைக் கேட்ட டாக்டரம்மா.

"கேட்டுல சோதனை போடும்போதெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குமாம் டாக்டர். அதுக்கு எந்த அமிலம் காரணம்?"

பதிலுக்கு மாத்திரைச் சீட்டுதான் வந்தது.

வீடு திரும்புவதற்குள் மருமகள் டாக்டரிடம் போனிலேயே எல்லாம் கேட்டுக்கொண்டு, எனக்காக வைத்த ஆட்டுக்கறிக் குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர்களே, இதைப் படித்தால் குழம்பில் உப்பு சரியாக இருந்ததா என்றாவது கீழே கமெண்டில் எழுதுங்கள்.