பவுண்டுக்கு இரண்டு பூட்டு

அரசாங்கத்துக்கு மக்கள் கடிவாளம் போட்டுவிட்டார்கள் என்று யாராவது மேடையில் பேசினால் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். கடிவாளம் போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

எண்பதுகளின் நடுவில் அது நடந்தது. பாலக்கோட்டு மண்டியில் தக்காளிக் கூடை தூக்கி அலுத்துப்போய், ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை கிடைக்கும் என்று எவனோ சொன்னதை நம்பி பஸ் ஏறினேன். எட்டாவதில் பாதியோடு நின்ற படிப்புக்கு அதற்கு மேல் யோசனை வராது. பென்னாகரம் தாண்டி ஓர் ஊரில் பஸ் நின்றுவிட்டது. ரோடு முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் பெரிய அண்டாவில் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். பசி. இறங்கினேன். பஸ் திரும்பிப் போனது, நான் போகவில்லை.

விஷயம் ஆடு. ஊரை ஒட்டி ரிசர்வ் காடு. எல்லைக்கு வெள்ளை அடித்த கற்கள் நட்டிருந்தார்கள். கல்லைத் தாண்டி மேய்ந்த ஆட்டை ஃபாரஸ்ட் கார்டு ஓட்டிக்கொண்டுபோய் பவுண்டில் அடைப்பார். செக்போஸ்ட் பக்கத்தில் கல் சுவர், சுவரின் உச்சியில் கண்ணாடிச் சில்லு, தகரக் கதவு, அதுதான் பவுண்டு. அபராதம் கட்டி ஓட்டிவரப் போனால் ஆட்டில் ஒன்று குறையும். கேட்டால் நரி அடித்தது என்பார் கார்டு. பூட்டின தகரக் கதவைத் திறந்து உள்ளே போகத் தெரிந்த நரி. ஞாயிற்றுக்கிழமை செக்போஸ்ட் பக்கம் மசாலா வாசம் வரும்.

அதற்குத்தான் மறியல். பெண்கள் வெயிலில் வெந்தார்கள். கடைசியில் ரேஞ்சர் ஜீப்பை விட்டு இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். பவுண்டுக்கு இனிமேல் இரண்டு பூட்டு என்று பேசி முடித்தார்கள். ஒன்று கார்டுடையது, இன்னொன்று மறியல் நடத்திய ஊர்ச் சங்கத்துடையது. ஊர்க்காரன் இல்லாமல் கார்டு ஓர் ஆட்டைக்கூட வெளியே எடுக்க முடியாது.

சங்கத் தலைவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். புதுப் பூட்டை அம்மன் கோயிலில் வைத்து மஞ்சள், குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டினார்கள். தலைவர் கை தவிர வேறு கை படாது என்று எரிகிற கற்பூரத்தின் மேல் அடித்து ஊரே சத்தியம் செய்தது. சாவியைத் தலைவர் அரணாக்கொடியில் கட்டி, ஊருக்குத் தெரிகிற மாதிரி வேட்டிக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டார்.

அன்றோடு எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அந்த நிமிஷம்தான் இன்றும் எரிச்சல். ரேஞ்சரை ஜீப்பிலிருந்து இறக்கியது ரோட்டில் உட்கார்ந்திருந்த உடம்புகள். அவை எழுந்து போனதும், அவை செய்த வேலையை உள்ளங்கை அகல இரும்பு செய்யும் என்று நம்பினார்கள். ஏற்கெனவே ஒரு பூட்டைப் பார்த்து அழுதவர்கள், இன்னொரு பூட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு வெற்றி என்றார்கள்.

நான் அங்கேயே தங்கினேன். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பாத ஓர் அக்கா, ஆடு மேய்க்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். தெரியாது. சோறு போட்டார், கற்றுக்கொண்டேன். அந்த ஆடுகளைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அடுத்த கோடையில் காட்டுக்கு வெளியே பச்சை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஆடுகள் வெள்ளைக் கல்லைத் தாண்டின. ஆட்டுக்குக் கல் என்ன தெரியும்? கார்டு விசில் ஊதினார். தலைவர் சைக்கிளில் வந்து நின்றார். கார்டு தன் பூட்டைப் போட, இவர் சங்கத்துப் பூட்டைப் போட்டார். முன்பெல்லாம் நம் ஆட்டை அரசாங்கம் அடைத்தது. இப்போது நம் ஆட்டை நாமே அடைக்கும் உரிமை வந்திருந்தது.

வீட்டில் கூடைக்கு அடியில் பால்குட்டிகள் தாய்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தன. மறுநாள் விடிந்ததுமே அக்கா செக்போஸ்ட்டுக்குப் போய் அபராதம் கட்டினார். கார்டு மறுபேச்சில்லாமல் தன் பூட்டைத் திறந்து கையில் எடுத்துக்கொண்டார்.

"என் வேல முடிஞ்சுதும்மா. இன்னமே உங்க பூட்டு. அத நான் தொட்டா மறுபடி ரோட்ல உக்காந்துக்குவீங்க."

முன்பு அவர் ஏய் என்று கூப்பிடுவாராம். இப்போது அம்மா. அத்தனை வெயிலுக்கும் கிடைத்த லாபம் அந்த 'ம்மா' மட்டும்தான்.

சைக்கிள் கடைக்கு ஓடினோம். தலைவரின் மனைவி பஞ்சர் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, "அவரு தருமபுரி மாநாட்டுக்குப் போயிட்டாருங்களே. நம்மூரு சனங்க சர்க்கார எப்படி மடக்குனாங்கன்னு பேசக் கூப்புட்டாங்களாம்" என்றார்.

"சாவிங்க?"

"அரணாக்கொடியோட போயிருச்சு. என்னயக்கூட யாருக்காச்சும் உட்டுக் குடுத்துருவாரு, சாவியக் குடுக்க மாட்டாரு."

மறுநாளும் அவர் வரவில்லை. பேச்சு நன்றாக இருந்ததாம், சேலத்துக்குக் கூட்டிப் போனார்களாம். உள்ளே தாய் ஆடுகள் மடி கட்டிப்போய் அலறின. பக்கத்து வீட்டு ஆட்டிடம் குட்டிகளை விட்டுப் பார்த்தோம். அது உதைத்துத் தள்ளியது. கார்டு பீடியை வாயில் வைத்தபடியே காட்டுக்குள் போய் இரண்டு கிளை ஒடித்து வந்து சுவருக்கு மேலே வீசினார். அந்த மரத்தைக் கடித்ததற்குத்தான் ஆடுகள் உள்ளே கிடந்தன.

"அக்கா, ஒரு கல்லெடுத்துப் போட்டா தீந்துச்சு" என்றேன்.

"கற்பூரம் அடிச்சிருக்கறம்பா. உனக்கென்ன, வந்தவன்."

மூன்றாம் நாள் காலையில் கூடையைத் தூக்கியபோது சின்னக் குட்டி விறைத்துக் கிடந்தது. அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். செக்போஸ்ட்டுக்கு நடந்தார், நான் பின்னால் போனேன். கார்டின் பூட்டாக இருந்திருந்தால் அரசாங்கப் பூட்டு என்று இந்த ஊர் எப்போதோ உடைத்திருக்கும். இது சாமிப் பூட்டு. அக்கா முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தார், கல்லை எடுத்தார். நாலு அடியில் கொண்டி தெறித்தது.

ஆடுகள் எங்களைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடின.

சாயங்காலம் தலைவர் பஸ்ஸை விட்டு இறங்கினார், தோளில் மாநாட்டுப் பொன்னாடையோடு. கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். குட்டி செத்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்செல்லாம் பூட்டைப் பற்றி.

"இது ஊரே ரோட்ல உக்காந்து வாங்குன உரிமைம்மா. அதப் போயி கல்லால அடிக்கலாமா?" என்றார் தலைவர்.

"நானுந்தான் உக்காந்தேன். வெயில்ல உக்காந்தேன். நீங்க புளியமரத்து நெழல்ல மைக்குப் புடிச்சுட்டு உக்காந்தீங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு வந்தது. அதே பெண்கள்தான் கொஞ்ச நேரத்தில், அக்கா சாமிக்குத் தப்புக் காணிக்கை போட வேண்டும் என்று தலைவர் சொன்னதற்கும் தலையாட்டினார்கள். கார்டும் வந்து ஓரமாகக் கைகட்டி நின்றிருந்தார். பவுண்டு கதவு சங்கத்துப் பூட்டு இல்லாமல் கிடந்தால் ரேஞ்சர் தன்னைத்தான் திட்டுவார், சீக்கிரம் ஒரு பூட்டு பாருங்க என்று தலைவரிடம் கேட்டுக்கொண்டார். அவ்வளவு பணிவு. தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் புதுப் பூட்டு வாங்கப் பென்னாகரம் கிளம்பினார்கள். சைக்கிளைத் தலைவர் மிதித்தார். காக்கிச் சட்டையோடு கேரியரில் கால் அகட்டி உட்கார்ந்திருந்தார் கார்டு. மேட்டில் தலைவருக்கு மூச்சு வாங்கியது. கார்டு இறங்கவில்லை. எத்தனையோ மாநாட்டுப் பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன், அந்த மேட்டில் கண்டதை எவனும் சொல்லவில்லை.

அக்கா வாசலில் நின்று அவர்கள் திருப்பத்தில் மறையும் வரை பார்த்தார். பிறகு பட்டிப் படலை இழுத்துத் திறந்தார்.

"நிக்காத, ஓட்டு. பூட்டு வர்றதுக்குள்ள வயிறு ரொம்பட்டும்."

வெள்ளைக் கற்களைத் தாண்டி ஓட்டிப் போனேன்.