தாஸ் அண்ணன் பைக்குல நான் ஊத்துன ஆயில்

தாஸ் அண்ணன் நேத்து காலையில போயிட்டாரு. உலு யாம் ஆத்துப் பாறையில, பைக் மேல இருக்கும்போதே...

அம்பத்தொரு வயசு. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நான் கூட இல்ல, கடையில ஸ்டாக் எடுக்குற நாள்.

இப்ப சபாக்ல அவரு வீட்டு வாசல்ல, டெண்ட் கீழ உக்காந்து எழுதுறேன். எல்லாரும் RIP போடுறீங்க, என்னால அத மட்டும் போட்டுட்டுப் போக முடியல.

தெரியாதவங்களுக்கு... அண்ணன் ஓட்டுனது ட்ரையல்ஸ் பைக். சீட்டே இருக்காது. ரேஸ் இல்ல, கால் கீழ படாம பாறை மேல மெதுவா ஏறணும். எல்லாமே கிளட்ச்தான், ஒத்த விரல்ல.

பாசிர் பெனம்பாங் மீன் கம்பெனியில நாங்க எட்டு வருஷம் ஒண்ணா வேல செஞ்சோம். அவரு லோரி, நான் ஸ்டோரு. ஒரு தடவ மழையில லோரி சேத்துல மாட்டிக்கிச்சு, பின்னால முழு லோடு ஐஸ் பெட்டி. எல்லாரும் தள்ளுறோம்னு இறங்குனோம். "சும்மா நில்லுங்க லா, சட்ட அழுக்காகும்"னு சொல்லிட்டு கிளட்ச்ச கொஞ்சம் கொஞ்சமா விட்டு எடுத்தாரு. ஒரு பெட்டிகூட சாயல.

அப்புறம் நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்துட்டேன். பைக் குரூப்புல எனக்குப் பேரே ஆயில் டாக்டர். கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டியும் சொல்லுவேன். என் வாய் அப்படி.

போன வருஷம் நான் எடுத்துக் குடுத்த செயின அண்ணன் திருப்பிக் குடுத்துட்டு வேற கடையில வாங்கிட்டாரு. ரெண்டு மாசம் அவருகிட்ட நான் பேசல. ஒரு செயினுக்கு. அவரே டாப்பாவ் பண்ண மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தோட கடைக்கு வந்து, "சாப்பிட்டியா டா"ன்னு கேட்டு சமாதானம் பண்ணாரு.

சரி... விஷயத்துக்கு வரேன்.

அண்ணன் பல வருஷமா கிளட்ச் பக்கம் ஏடிஎப்தான் ஊத்துவாரு. கியர் தானா மாறுற ஆட்டோ காருக்கு, கியர்பாக்ஸுல ஊத்துற ஆயில், தண்ணி மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்காது. "கியர் பல்லெல்லாம் தேஞ்சிடும் அண்ணே, தடிச்ச கியர் ஆயில் ஊத்துங்க"ன்னு நச்சரிச்சு, போன புதன்கிழம நானே அவரு வீட்டுக்குப் போயி மாத்துனேன். பழசு முழுக்க வடிச்சிட்டு புதுசு ஊத்துனேன். அவரு பக்கத்துல நின்னு பாத்தாரு, ஒண்ணும் சொல்லல.

மறுநாள் எனக்கே சந்தேகம் வந்து போன்ல தேடிப் படிச்சேன். தடிச்ச ஆயில்ல கிளட்ச் பிளேட்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமாம். இஞ்சின் சூடாகுற வரைக்கும் கிளட்ச் புடிச்சாலும் பைக் முன்னால இழுக்குமாம். தார் ரோட்டுல ஒண்ணும் தெரியாது. பாறை விளிம்புல நின்னுக்கிட்டு இருந்தா...

சனிக்கிழம போன் பண்ணேன். "நான் ஊத்துனது தப்பு அண்ணே"ன்னு சொல்லத்தான் பண்ணேன். ஆனா வாயில வந்தது, "ஆயில் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு லா. டாக்டர் சொன்னா தப்பா போவுமா?"ன்னு சிரிச்சாரு.

நானும் சிரிச்சிட்டு வெச்சிட்டேன். சொல்லல. வெக்கம்.

நேத்து குரூப்புல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "மேல ஏறி நின்னாரு, பைக் திடீர்னு முன்னால போச்சு, அண்ணன் சாஞ்சிட்டாரு..." எத்தன தடவ கேட்டேன்னு தெரியல. நெஞ்சு வலி வந்து கை விட்டுப் பைக் போச்சா? இல்ல பைக் இழுத்து, அந்த அதிர்ச்சியில நெஞ்சு நின்னுச்சா?

ஆஸ்பத்திரி டாக்டருக்கு அது தேவையில்ல. எனக்குத் தேவை.

இன்னிக்கு மதியம் ஜெபம் முடிஞ்சதும் அண்ணிகிட்ட சொல்லிட்டேன். "அண்ணி, அந்த ஆயில் நான் மாத்துனது." அழுது அழுது அவங்களுக்குக் குரலே இல்ல. "ஆயில் என்ன செய்யும் தம்பி"ன்னாங்க. "பைக்க ஒரு தடவ பாக்கவா?"ன்னு கேட்டேன். தலைய ஆட்டுனாங்க.

பின்னால, துணி காயப்போடுற இடத்துல சாத்தி வெச்சிருந்தாங்க. ஹேண்டில்ல ஆத்து மண்ணு. வந்தவங்க என்ன நெனச்சாங்களோ தெரியாது... சாவு வீட்டுல ஸ்பேனர் கேட்டு அலைஞ்சது நான் ஒருத்தன்தான்.

வடிக்கிற நட்ட கழட்டுறதுக்குள்ள விரல் வேர்த்து ரெண்டு தடவ வழுக்கிடுச்சு. அடியில ஒரு பேசின் வெச்சேன்.

செவப்பா வந்துச்சு.

நான் ஊத்துனது தேன் கலரு, மூக்குல வெச்சா கந்தக நாத்தம் அடிக்கும். இது சுத்தமான செவப்பு, நாத்தமும் இல்ல. ஏடிஎப்தான் அப்படி இருக்கும். அன்னிக்கு நான் கெளம்பிப் போனதுக்கப்புறம் அண்ணனே எல்லாத்தையும் வடிச்சு, அவரு ஆயில திரும்ப ஊத்தியிருக்காரு.

அங்கேயே தரையில உக்காந்துட்டேன். என் ஆயில் இல்ல... என் ஆயில் இல்லன்னு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதி வந்தப்பதான், அண்ணன் செத்துட்டாருன்னு மொத தடவையா அழுதேன்.

நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இங்கயே ஜெபம், அப்புறம் அடக்கம். பழைய மீன் கம்பெனி ஆளுங்க, பைக் குரூப், முடிஞ்சவங்க வாங்க.

ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணே. நான் கோவிச்சிருக்க மாட்டேன்.

...இல்ல. கோவிச்சிருப்பேன். உங்களுக்குத் தெரியும்.

போயிட்டு வாங்க அண்ணே.